இரண்டு குட்டை, ஒரு நெட்டை

க்ளெண்டா ஓர்மரோடைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், வாயில் கடித்திருந்த க்ளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"எழுத என்ன இருக்கு சிவி? கஸ்டர்ட் காய்ச்சுனா, கல்யாணம் கட்டுனா, நாயக் கூட்டிட்டு நடந்தா. மூணு வரி. மிச்சக் காகிதத்துல மளிகை எழுதிக்கோ."

ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டாள். நார்மனைக் கெட்டவனாக எழுதக் கூடாது. சரி என்றிருக்கிறேன். முடிகிறதா பார்ப்போம். எனக்குக் கோபம் வருவது சீக்கிரம், போவது மெதுவாக.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளும் நானும் பல வருடம் ஒரே அடுப்பில் வெந்தவர்கள். அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர் ஒன்றுதான், அதுவும் அவள் தும்மினால் நான் 'நூறு ஆயுசு' சொல்லும் அளவுக்குத்தான் கனம். வறுத்த உருளைக்கிழங்கை ஆறுவதற்குள் திருடித் தின்ன வந்த தலைமையாசிரியரின் புறங்கையில் கரண்டியால் ஒரு போடு போட்டவள் க்ளெண்டா. "வரிசையில வாங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். வட இங்கிலாந்தின் இந்த லங்காஷயரில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். பல்லைப் பிடுங்குகிறவன்கூட 'கண்ணு, வாயத் தொற' என்று சொல்லித்தான் பிடுங்குவான்.

அவள் கணவன் கீத் லாரி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பையன்களின் கால்பந்து ஆட்டத்துக்கு அவன்தான் ரெஃப்ரீ. ஞாயிறு அவன் வம்சத்தையே திட்டியவர்கள் திங்கட்கிழமை அவனுக்கு பீர் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தப் பித்தளை விசில் எப்போதும் அவன் கழுத்தில் கிடக்கும். கால்வாய்க் கரையில் மகளும் நாயும் முன்னால் ஓடிவிட்டால் அதை எடுத்து ஊதுவான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அதற்கு அர்த்தம், 'வா, வீட்டுக்குப் போகலாம்.' மகள் லியானும் திரும்புவாள், நாயும் திரும்பும். நாய்தான் முதலில் வரும்.

லியானுக்குப் பத்து வயதிருக்கும்போது அந்தப் பெட்டி விளையாட்டு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. ஜியோகேஷிங் என்பார்கள். யாரோ ஒருவர் ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவை மரவேருக்கடியிலோ பாலத்துக் கல்லிடுக்கிலோ ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதலாம். பிடித்த சாமானை எடுத்துக்கொண்டு அதற்குச் சமமாக ஒன்றை வைக்கலாம். வீட்டுக்கு வந்து இணையத்தில் நாலு வரி எழுத வேண்டும். வேறு பரிசு கிடையாது. எருமை மாடு வயதில் கண்ணாமூச்சியா என்று நான் கேலி செய்வேன். "நீயும் வாயேன், தொப்பை கரையும்" என்பான் கீத்.

மூவரும் நாயும் அந்தக் கரையில் எத்தனை டப்பா தோண்டினார்கள் என்று கணக்கில்லை. டப்பா கிடைத்ததும் நாய்க்கு ஒரு துண்டு சீஸ். இப்போது இருக்கிற நாயின் பெயர் கிரேவி. விப்பெட் சாதி, எலும்பும் தோலுமாக இருந்தாலும் அதற்குச் சீஸ் என்றால் உயிர். அதையும் கீத் அப்படித்தான் பழக்கினான். ஒரு தடவை சீஸ் தின்ற இடத்தை அது சாகும்வரை மறக்காது. அடுத்த முறை அங்கே போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும்.

லியான் வளர்ந்தாள், ஸ்காட்லாந்துக்காரனைக் கட்டிக்கொண்டு இன்வெர்னஸ் போனாள். இரண்டு கரு தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியபோது, படுத்த படுக்கையாக இரு, எதற்கும் அதிரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கீத்துக்குத் தொண்டையில் புற்று. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது.

"குழந்தை பத்திரமா பொறக்கட்டும். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு" என்று மனைவியின் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டான். செத்துப்போகிறவனுக்குச் சத்தியம் வாங்குவது சுலபம். அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியது இருக்கிறவள்தானே. கீத் எனக்கு அண்ணன் மாதிரி, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவனை நான் மன்னிக்கவில்லை. தொண்டைக்குச் சின்ன வைத்தியம் நடக்கிறது என்று க்ளெண்டா மகளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குரல் போன பிறகு, தண்ணீர் வேண்டுமானால் கீத் விசிலை ஒரு தடவை ஊதுவான். கடைசி நாள் காலை, நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், சுவர் வழியாகச் சத்தம் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மூச்சு போதாமல் அந்த நெட்டை பாதியில் உடைந்தது. மறுபடியும் அதேதான். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். க்ளெண்டா கையில் போனை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அவளக் கூப்பிடுறாரு, சிவி."

"அப்ப போடு போன. அவரு காதுல வை. அவ பேசட்டும்."

"சத்தியம் பண்ணிட்டேனே. நாளைக்கு அவரு மனசு தெளிஞ்சு, ஏன்டி சொன்னேன்னு கேட்டா? அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? ரெண்டு போயிருச்சு சிவி. இதும் போனா நான் கொன்னதா ஆயிரும்."

நாள் முழுக்க அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மதியத்துக்கு மேல் விசில் நின்றது. சாயந்திரம் அவன் நினைவு தப்பியதும் எண்ணைப் போட்டாள். லியான் எடுப்பதற்குள் அவன் போய்விட்டான்.

'அப்பாதான் சொல்ல வேண்டாம்னாரு' என்று க்ளெண்டா ஆரம்பித்த வாக்கியத்தை லியான் முடிக்க விடவில்லை. "எங்கப்பாவ எங்கிட்டருந்து திருடிட்ட நீ" என்றாள். அதோடு சரி. அம்மாவின் எண்ணைத் தன் போனில் அடைத்துவிட்டாள். அனுப்பிய பொட்டலங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. மோர்வென் என்று பெண் குழந்தை பிறந்ததே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். கடைசிக் காலையில் அப்பா கூப்பிட்டார் என்பது லியானுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தன்னைப் பார்க்கத் தோன்றவே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

லியான் அடைக்க மறந்த ஒரே சன்னல் அந்தப் பெட்டி விளையாட்டு. அவள் அங்கேயும் டப்பா தேடினாள், தேடியதை எழுதினாள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். க்ளெண்டா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் படிப்பாள், வேலிக்கு மேலே தலையை நீட்டி எனக்கும் வாசிப்பாள்.

"சிவி, மோர்வென் காஞ்சொறிச் செடியில விழுந்துட்டாளாம். அழவே இல்லையாம்!"

"சிவி, சிவப்பு பூட்ஸ் வாங்கியிருக்காங்க. சேத்துல ஒண்ணு மாட்டிக்கிச்சாம்."

பேத்தி வளர்ந்ததை அவள் பார்த்ததெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்ட அந்த வரிகளில்தான். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. நாலு வருடம் இப்படியே போயிற்று. வாசித்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போவாள். திரும்பும்போது கண் சிவந்திருக்கும், காற்று என்பாள்.

போன மே மாதத்தில் ஒரு நாள் வேலிக்கு மேலே தலை வந்தது. முகமே வேறாக இருந்தது.

"வர்றா! தோழி கல்யாணமாம், சனிக்கிழமை. நம்ம ஊர்ல இருந்து ரெண்டு ஊர் தள்ளி. 'பழைய கரையில நேரமிருந்தா ஒரு பெட்டி தேடணும்'னு எழுதியிருக்கா."

"அப்ப நேரா போய் நில்லு."

"என்னப் பாத்தா திரும்பிப் போயிருவா. அந்த விசில அவகிட்ட குடுக்கணும் சிவி. அப்பா உன்னத்தான்டி கூப்பிட்டாருன்னு சொல்லணும். காலையில இருந்து கூப்பிட்டாரு, நான்தான் உக்காந்திருந்தேன்னும் சொல்லணும். எல்லாத்தையும் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். போன்ல சொல்ற விசயமில்ல."

"விசில எப்பிடிக் குடுப்ப?"

"கையில குடுத்தா வாங்க மாட்டா. பெட்டியில இருந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டா. பெட்டியில இருக்குறது தேடுனவளுக்குச் சொந்தம். அது ஆட்டத்தோட சட்டம்."

அந்த ஆட்டக்காரர்களுக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வந்தது.

பெட்டியை வளைவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய மரத்தின் வேருக்கடியில் வைத்தாள். உள்ளே பெயரெழுதும் தாளும் விசிலும் மட்டும். இடத்தின் எண்களில் கடைசி இரண்டை மட்டும் மறைத்துவிட்டு ஒரு கேள்வி போட்டாள்: 'அப்பா எப்படிக் கூப்பிடுவார்?' இரண்டு, ஒன்று. இந்த உலகத்தில் லியானைத் தவிர யாருக்குத் தெரியும்?

இரண்டு காரியம் அவள் யோசிக்காமல் செய்தாள். ஒன்று, பெட்டியை ஒளித்ததும் பழக்க தோஷத்தில் கிரேவிக்கு ஒரு துண்டு சீஸ் கொடுத்தாள். இன்னொன்று, விசில் வளையத்தில் கோத்திருந்த சின்னத் தகட்டைக் கழற்றாமல் விட்டாள். அது பயணத் தகடு. எண் பொறித்திருக்கும். அப்படி ஒரு தகட்டைப் பெட்டியில் கண்டால் எடுத்துக்கொண்டு போய் வேறு ஊர்ப் பெட்டியில் போட வேண்டும், கையில் வைத்துக்கொள்வதுதான் குற்றம். எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று சொந்தக்காரர் இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தகடு லியானுக்குப் பத்து வயதில் கீத் வாங்கித் தந்தது. 'இது உலகம் முழுக்கச் சுத்தணும்' என்று அதன் இணையப் பக்கத்தில் லியான் எழுதிவைத்திருந்தாள். ஆனால் பிரிய மனம் வராமல் அனுப்பவே இல்லை. கீத் அதை விசிலோடு மாட்டிக்கொண்டான். க்ளெண்டாவுக்கு அது தகடாகவே தெரியவில்லை. அவளுக்கு அது கீத் நடக்கும்போது கிணுகிணுக்கிற சத்தம்.

பெட்டி புதன்கிழமை இணையத்தில் ஏறியது. ஏறிய சூட்டோடு நார்மன் ஹிண்டில் வந்து கதவைத் தட்டினான்.

நார்மன் ஓய்வு பெற்ற பஸ் இன்ஸ்பெக்டர். தங்கமான மனுஷன் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இந்த வட்டாரத்தில் புதுப் பெட்டி எது முளைத்தாலும் முதலில் திறந்தவன் தான்தான் என்று எழுதவில்லையென்றால் அவனுக்குச் சோறு இறங்காது. அதற்காகப் பைஜாமாவோடு மழையில் ஓடியிருக்கிறான். மாமியார் சாவு வீட்டிலிருந்து நழுவியிருக்கிறான்.

"க்ளெண்டா, கண்ணு, ஒரே ஒரு துப்பு குடு. அப்பா எப்பிடிக் கூப்பிடுவாரு? யாரு அப்பா?"

"இது உனக்கில்ல நார்மன்."

"அப்பிடின்னா?"

"உனக்கில்லன்னா உனக்கில்ல. பேசாம போய் டீ குடி."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவன் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். ஆனால் மகள் தன்னோடு பேசுவதில்லை என்பதை க்ளெண்டா இந்த ஊரில் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. 'லியான் நல்லா இருக்கா, வேலை ஜாஸ்தி' என்பாள். அந்த மானம்தான் அவள் வாயைக் கட்டியது. நார்மனிடம் போய் 'உனக்கில்லை' என்பது பூனையிடம் பால் சட்டியைக் காட்டி 'உனக்கில்லை' என்பது போல.

வியாழக்கிழமை அவளுக்கு முழங்கால் வைத்தியம். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நாயை நடத்த நார்மனே முன்வந்தான். உதவத்தான் வந்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் கிரேவி அவனை இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு அவன் முகத்தையே பார்த்திருக்கிறது. சீஸ் எங்கே என்று கேட்டிருக்கும், பாவம். முப்பது வருடம் டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்த ஆள், இதைப் பிடிக்க மாட்டானா? வேருக்கடியில் கை விட்டான்.

நாங்கள் திரும்பி வந்தபோது நாயை ஒப்படைத்துவிட்டு, "உன் நாய்க்கு இருக்குற மூள உனக்கில்ல கண்ணு" என்று சொல்லிக் கண்ணடித்தான். இரண்டு பேரும் சிரித்தோம். எதற்குக் கண்ணடிக்கிறான் என்று நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் அவனும் மனைவியும் ஹாலந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே க்ளெண்டா உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் உள்ளே வைத்து, 'பை' என்று இங்கே சொல்லும் மாவுப் பலகாரம் சுட்டாள். அது என்றால் லியான் தட்டையும் சேர்த்துத் தின்பாள். நல்ல கோப்பைகளை இறக்கிக் கழுவினாள். குழந்தைக்கு நாற்காலியில் மெத்தை போட்டாள். சமையலறைச் சன்னலை அகலத் திறந்துவைத்தாள். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மே மாதமாக இருந்தாலும் குளிர் எலும்பைத் தொட்டது.

"சன்னல சாத்தேன்டி."

"சாத்தக் கூடாது. விசில் கையில கெடச்சதும் ஊதுவா. ஊதாம இருக்க மாட்டா. பாலத்துல இருந்து ஊதுனா இங்க கேக்கும். கேட்டதும் கிரேவிய அவுத்து விடணும். நாய் போகட்டும் மொதல்ல. நான் பின்னால போறேன்."

எல்லாம் திட்டம். மகள் எந்தப் பக்கத்திலிருந்து வருவாள், தான் என்ன சொல்வாள், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பாள். லிப்ஸ்டிக் போட்டிருந்தாள், அவளை நான் லிப்ஸ்டிக்கோடு பார்த்தது கீத்தின் சாவுக்கு முன்னால்.

கேட்டுக்கொண்டே இருந்தோம். கால்வாயில் வாத்து கத்தியது. படகு ஒன்று டுப்டுப் என்று போனது. எங்கேயோ ஒரு சைக்கிள் மணி. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள். பை ஆறியது. மறுபடி சூடாக்கினாள். அதுவும் ஆறியது.

"கல்யாண வீட்டுல இருந்து கிளம்ப நேரமாயிருக்கும்" என்றேன்.

"ஆமா. கல்யாண வீடுன்னா அப்பிடித்தான்."

வெயில் சாயும் நேரத்தில் போனில் ஒரு மணி அடித்தது. பெட்டியைக் கண்டுபிடித்தவர் எழுதியதை அவளுக்கு அறிவிக்கிற மணி. கண்ணாடியைத் தேடினாள், அது அவள் தலையிலேயே இருந்தது. படித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

'கண்டுபிடித்தோம். எதுவும் எடுக்கவில்லை. எதுவும் வைக்கவில்லை.'

இந்த விளையாட்டில் எல்லோரும் எழுதுகிற வரிதான் அது. டப்பாவில் இருந்த குப்பைச் சாமானைத் தொடவில்லை என்பதை மரியாதையாகச் சொல்வது. ஆயிரம் பேர் ஆயிரம் பெட்டிக்கு எழுதியிருப்பார்கள். ஆனால் சேறு, பூட்ஸ், காஞ்சொறி என்று பத்து வரி எழுதுகிற பெண், தன் அம்மாவின் பெட்டிக்கு ஆயிரத்தில் ஒருத்தியாக அதை எழுதிவிட்டுப் போயிருந்தாள். வந்திருக்கிறாள். பாலத்தைத் தாண்டியிருக்கிறாள். நாங்கள் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூப்பிடுகிற தூரத்தில் அந்தக் குழந்தை நின்றிருக்கிறது.

"விசில எடுக்கல" என்றாள் க்ளெண்டா. "அவங்கப்பா விசில, வேண்டாம்னு வச்சுட்டுப் போயிட்டா."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் வாத்து. மஞ்சள் நிறம், தலையில் தொப்பி. தாளில் முதல் பெயர் நார்மன் ஹிண்டில், பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. அதற்குக் கீழே லியான். அவளுக்குக் கீழே ஒரு கிறுக்கல், பென்சிலை முஷ்டியால் பிடித்து இழுத்த மாதிரி. குழந்தை கையெழுத்துப் போட்டிருக்கிறது.

க்ளெண்டா அந்த வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். லியானுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டு வரவழைத்து, ரப்பர் வாத்தைக் காட்டினால்? கேலி செய்கிறாள் என்றுதானே நினைப்பாள்? எனக்கு நார்மனைக் கால்வாயில் அமுக்க வேண்டும் போலிருந்தது. இப்போதும் சில நாள் இருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு நார்மனின் பதிவு வந்தது. க்ளெண்டாவை அசத்த வேண்டும் என்று அதுவரை இணையத்தில் எழுதாமல் பொத்தி வைத்திருந்தான். ஹாலந்தில் ஒரு கால்வாய்க் கரைப் பெட்டியில் போட்டிருந்தான். 'க்ளெண்டாவின் புதுப் பெட்டியில் கிடைத்த தகடு. அழகான பித்தளை விசில் ஒன்று கோத்திருக்கிறது. ஒரு சின்னப் பெண் இருபது வருடமாக இது உலகம் சுற்ற வேண்டும் என்று காத்திருக்கிறாள். என்னால் ஆன உதவி!'

க்ளெண்டா போன் செய்தாள். அவன் அந்தப் பக்கம் அழுதுவிட்டான் என்று அவள் சொன்னாள். விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறான். பெட்டியில் விசிலும் இல்லை, தகடும் இல்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், எடுத்தவர் எதுவும் எழுதவும் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் சட்டம் அதுதானே, கண்டால் நகர்த்து.

ஞாயிறு மதியம் நான் அவள் சமையலறையில் இருந்தேன். அவள் யார்க்ஷயர் புட்டிங்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட யாரும் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் கை தானாகக் கலக்கும். போன் அடித்தது. கை முழுக்க மாவு. முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அம்மா."

மாவுக் கிண்ணம் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

"அந்தத் தகடு எம்பேர்ல இருக்கும்மா. எங்க போனாலும் எனக்கு மெயில் வரும். அப்பா விசில் அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு கண்ணு. உனக்குத்தான் வச்சேன். உனக்கு மட்டும்தான் வச்சேன். நார்மன் தெரியாம..."

"பெட்டியில எதுக்கும்மா போட்ட? கையில குடுத்திருக்கக் கூடாதா?"

"நீ கைய நீட்டலியே லியான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சின்னக் குரலில் கேட்டாள். "எனக்கு எதுக்கு அத வச்ச?"

க்ளெண்டா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா உன்னக் கூப்பிட்டாரு. கடைசி நாள். குரல் இல்ல, விசிலாலதான். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. வேற யாரையும் கூப்பிடல. உன்னத்தான்."

லியான் அழுதாள். குழந்தை மாதிரி வாய் விட்டு அழுதாள். க்ளெண்டாவும் அழுதாள், நானும்தான். மாவு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சரி, விசில் போனால் போகிறது, பெண் வந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"எப்ப ஊதுனாரு? நீ எனக்குப் போன் பண்ணப்பவா?"

நான் க்ளெண்டாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். 'ஆமா'ன்னு சொல்லு, சொல்லித் தொலை என்று வாயசைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனிடம் திரும்பினாள்.

"காலையில."

"காலையிலயா?"

"காலையில இருந்து. மதியம் வரைக்கும்."

"நீ சாயந்திரம்தானம்மா கூப்பிட்ட?"

"ஆமா."

"போன் எங்க இருந்துச்சு?"

"எங்கையில."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு கதவு திறந்தது. தபதபவென்று கால் ஓடி வரும் சத்தம். அப்புறம் ஒரு குழந்தைக் குரல், கொஞ்சம் கரகரப்பாக.

"யாரும்மா அது?"

"யாரும் இல்ல கண்ணு" என்றாள் லியான். போன் அணைந்தது.

நான் கத்தினேன். இருக்கிற கோபத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். "ஒரு பொய் சொல்ல நாக்கு வரலியா உனக்கு? சாயந்திரம்னு ஒரு வார்த்த! நாலு வருசத்துக்கு அப்புறம் பெத்த பொண்ணு வாசல் வரைக்கும் வந்துட்டா, நீயே சாத்துறியே!"

"அவங்கப்பா விசயத்துல ஒரு தடவ பொய் சொல்லியாச்சு சிவி" என்றாள். "அதுக்கே இவ்வளவு தூரம்."

அதற்கப்புறம் லியான் கூப்பிடவில்லை. அந்த விளையாட்டின் இணையத்தில் அவள் பெயரும் இல்லை, கணக்கையே எடுத்துவிட்டாள். விசிலைப் பற்றியும் தகவல் இல்லை. நார்மன் தினமும் ஹாலந்துக்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். இளைத்துவிட்டான். புதுப் பெட்டி எதற்கும் ஓடுவதில்லை.

அன்று நான் கத்தி முடித்த பிறகு க்ளெண்டா துணியை நனைத்துத் தரையில் சிந்திய மாவைத் துடைத்தாள். முழங்கால் மடங்கவில்லை, விடு நான் துடைக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் ஈரம், ஆனால் சிரித்தாள்.

"கேட்டியா சிவி? 'யாரும்மா அது'ன்னா. கேட்டுச்சில்ல உனக்கு? நாலு வயசு கூட முடியல, வார்த்த எவ்வளவு சுத்தமா வருது பாரு."

கேட்டது என்றேன்.